திதி பார்த்து மும்பைக் கடலைச் சுற்றுவது எப்படி: பூநாரையும் பழைய துறைமுகமும் தேடுவோருக்கு

மும்பையில் குடியேறிய நம்மவர்களிடம் கடல் பார்த்தீர்களா என்று கேட்டால் மரீன் டிரைவ், ஜுஹு, கேட்வே என்று மூன்று பெயர் வரும். மூன்றும் நல்ல இடங்கள்தான். ஆனால் இந்த ஊரின் கிழக்குக் கரையில் ஆயிரக்கணக்கான பூநாரைகள் (ஃபிளமிங்கோ) சேற்றில் மேய்கின்றன. வடக்கே, அசோகர் கல்வெட்டு வைத்த பழைய துறைமுகம் லோக்கல் ரயில் போகும் தூரத்திலேயே இருக்கிறது. பல வருஷம் இங்கே இருந்தும் இவற்றைப் பார்க்காதவர்கள் ஏராளம். அவர்களுக்கும், நேற்று தாதரில் வந்து இறங்கியவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். தாராவி, மாட்டுங்கா, சயான், செம்பூர் என்று நம்மவர்கள் இருக்கும் இடங்களிலிருந்து எப்படிப் போவது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் வேலை: காலண்டரைப் பாருங்கள்

சென்னையிலோ தூத்துக்குடியிலோ கடல் ஏறுவதும் வற்றுவதும் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. சென்னையில் அந்த வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மீட்டர். மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் 5 மீட்டரை நெருங்கும். அரபிக்கடலின் இந்தப் பக்கம் கடலடி வெகுதூரம் ஆழமில்லாமல் பரந்து கிடக்கிறது. வடக்கே காம்பே வளைகுடா புனல் மாதிரி குறுகுகிறது. அதனால் ஏற்றத்தின் உயரம் கூடிக்கொண்டே போகிறது. காலையில் நீங்கள் பார்த்த கடல் மத்தியானம் போனால் அரை கிலோமீட்டர் உள்ளே போயிருக்கும், அந்த இடத்தில் சேறும் பாறையும் இருக்கும். பறவைகளும் அந்தத் தண்ணீர் விளிம்போடு நகர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே இங்கே கடலுக்குப் போகும் நேரத்தை முடிவு செய்வது நீங்களல்ல, ஓதம்தான், அதாவது கடலின் இந்த ஏற்றமும் வற்றமும்.

இதற்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் திதி போட்டிருக்குமே, அது போதும். திதியின் எண்ணை முக்காலால் பெருக்குங்கள். வருகிற எண்தான் அன்று கடல் முழுக்க ஏறியிருக்கும் மணி. சதுர்த்தி என்றால் 4, அதில் முக்கால் 3. பகல் 3 மணிவாக்கில் ஒரு முறை, நடுராத்திரி தாண்டி 3 மணிவாக்கில் ஒரு முறை கடல் உச்சத்தில் இருக்கும். அஷ்டமி என்றால் 6 மணி. அமாவாசையும் பௌர்ணமியும் 15, ஆகவே பதினொன்றேகால், அதாவது பகல் 11, 12 மணி. வளர்பிறை, தேய்பிறை இரண்டுக்கும் ஒரே கணக்கு. ஏற்றத்திலிருந்து ஏறத்தாழ 6 மணி நேரம் தள்ளி வற்றம் வரும்.

இது துல்லியமான கணக்கு இல்லை, ஒரு மணி நேரம் முன்பின் ஆகலாம். வாரக் கடைசிக்குத் திட்டம் போட இது போதும். கிளம்பும் நாளில் மட்டும் மும்பை ஓத அட்டவணையை இணையத்தில் ஒருமுறை சரிபாருங்கள். நேரமும் மீட்டர் கணக்கும் அதில் இருக்கும். கரையில் கோலி மீனவர் யாரையாவது கேட்பதானால் ஏற்றத்துக்குப் ‘பர்தி’, வற்றத்துக்கு ‘ஓஹோட்டி’. “பர்தி கிதி வாஜ்தா?” என்றால் எத்தனை மணிக்கு ஏற்றம் என்று கேட்டதாகிவிடும். கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

செவ்ரி: பூநாரைகள்

முதல் பயணத்தை இங்கேதான் தொடங்கச் சொல்வேன். ஹார்பர் லைனில் வடாலா ரோடுக்கும் காட்டன் கிரீனுக்கும் நடுவில் செவ்ரி. ரயில் அறிவிப்பில் ஷிவ்டி என்று காதில் விழும். செம்பூர், ஜிடிபி நகர் பக்கம் இருப்பவர்களுக்கு நேர் ரயில். மாட்டுங்காவிலிருந்து வருகிறவர்கள் கிங்ஸ் சர்க்கிளில் ஏறி, தேவைப்பட்டால் வடாலாவில் மாறிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை போகிறீர்கள் என்றால் ஹார்பர் லைனில் மெகா பிளாக் (பராமரிப்புக்காக ரயிலை நிறுத்துவது) உண்டா என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள். பிளாக் பெரும்பாலும் பகல் நேரத்தில்தான் இருக்கும், உங்கள் திதிக் கணக்கு முழுவதும் வீணாகிவிடும்.

ஸ்டேஷனின் கிழக்குப் பக்கம் இறங்கி ஜெட்டியை நோக்கிப் போக வேண்டும். அது துறைமுகப் பகுதி என்பதால் லாரிகள் ஓயாமல் போய்க்கொண்டிருக்கும், சாலையில் தூசி அதிகம். குழந்தைகளைக் கூட்டிப்போனால் டாக்ஸி எடுப்பது நல்லது. சயானுக்குத் தெற்கே ஆட்டோ கிடையாது என்பதைப் புதியவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கறுப்பு மஞ்சள் டாக்ஸிதான். ஜெட்டி பக்கத்தில் நல்ல கடை எதுவும் இல்லை. தண்ணீர், தொப்பி கையோடு இருக்கட்டும்.

எப்போது போவது? பூநாரைகள் குளிர்காலத் தொடக்கத்தில் வர ஆரம்பித்து மே வரை இருக்கும். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை கூட்டம் நன்றாக இருக்கும். நாளில் எந்த நேரம் என்பதற்கு இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று ஓதம். கடல் முழுக்க ஏறியிருந்தால் சேறே தெரியாது, பறவைகள் வேறிடம் போய்விடும். முழுக்க வற்றியிருந்தால் பறவைகள் தண்ணீர் விளிம்போடு தூரமாகப் போய்விடும், வெறும் ரோஸ் கோடுதான் தெரியும். ஏற்றத்துக்கு இரண்டரை, மூன்று மணி நேரம் முன்போ பின்போ போனால் கிட்டத்தில் பார்க்கலாம். இரண்டாவது வெளிச்சம். செவ்ரிச் சேறு கிழக்கைப் பார்த்தது. காலையில் சூரியன் நேராக உங்கள் கண்ணில் அடிக்கும், பறவைகள் கறுப்பு நிழலாகத் தெரியும். மாலை 3 மணிக்குமேல் வெயில் முதுகுப் பக்கம் வந்துவிடும், அப்போதுதான் அந்த நிறம் தெரியும்.

இரண்டையும் சேர்த்தால் சப்தமி, அஷ்டமி நாட்கள் எனக்குப் பிடித்தவை. ஏற்றம் மாலை 5, 6 மணிக்கு. 3 மணிக்குப் போய் நின்றால் தண்ணீர் மெதுவாக ஏறி ஏறிப் பறவைகளை உங்களை நோக்கித் தள்ளிக்கொண்டு வரும். நீங்கள் ஓர் அடி நகர வேண்டாம், அவை உங்களிடம் வரும். அமாவாசை, பௌர்ணமிக்கு அடுத்த ஓரிரு நாளும் நல்லதுதான். பகலில் ஏறிய தண்ணீர் 3, 4 மணிக்கு இறங்கிச் சேறு தெரிய ஆரம்பிக்கும்.

பழவேற்காட்டிலும் கோடியக்கரையிலும் நீங்கள் பார்த்திருக்கக்கூடியது பெரும்பாலும் பெரிய பூநாரை: வெளிறிய ரோஸ் உடம்பு, ரோஸ் அலகு, அலகின் நுனி மட்டும் கறுப்பு. செவ்ரியில் அதிகம் இருப்பது சிறிய பூநாரை. உயரம் குறைவு, நிறம் அடர்த்தி, அலகு கிட்டத்தட்டக் கறுப்பாகத் தெரியும் அளவுக்கு ஆழ்ந்த சிவப்பு. கூட்டத்தில் சாம்பல் நிறத்தில் நிற்பவை இளசுகள். இவை தின்பது நுண்ணிய பாசி. அதில் உள்ள நிறமிதான் சிறகில் ஏறுகிறது, வயது ஆக ஆகத்தான் ரோஸ் நிறம் வரும்.

பைனாகுலர் கையில் இருந்தால் கூட்டத்தை விட்டுவிட்டு ஒரே ஒரு பறவையைப் பத்து நிமிஷம் பாருங்கள். கழுத்தை முழுக்க வளைத்துத் தலையைத் தலைகீழாகத் தண்ணீரில் வைக்கும். மேல் அலகு கீழே, கீழ் அலகு மேலே. தொண்டை துடித்துக்கொண்டே இருக்கும், நாக்கு தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளுகிறது, அலகின் ஓரத்துச் சல்லடை பாசியை மட்டும் பிடித்துக்கொள்கிறது. தலையைப் பக்கவாட்டில் வீசிக்கொண்டே நடக்கும். ஒன்று தலை தூக்கினால் பக்கத்தில் இரண்டு தூக்கும், பிறகு எல்லாம் மறுபடி குனிந்துவிடும். வாத்துச் சத்தம் மாதிரி ஒரு முணுமுணுப்பு கூட்டத்திலிருந்து வந்துகொண்டே இருக்கும்.

பூநாரைகளின் காலடியில் ஓடும் சிறிய பறவைகளையும் விட்டுவிடாதீர்கள். உள்ளான்கள், நீண்ட நேரான அலகோடு நிற்கும் கருவால் மூக்கன், கீழ்நோக்கி வளைந்த அலகுள்ள கோட்டான் (ஆந்தை இல்லை, கரைப்பறவை) எல்லாம் வடக்கே வெகுதூரத்திலிருந்து வந்தவை. பார்க்கப்போனால், தூரக் கணக்கில் பூநாரையைவிட இவைதான் பெரிய பயணிகள். பூநாரைகள் நம் நாட்டிலேயே கட்ச் ரண்ணில் குஞ்சு பொரிக்கின்றன.

இங்கே ஒரே ஒரு கட்டளை: சேற்றில் இறங்காதீர்கள். பார்க்கக் கெட்டியாக இருக்கும், கால் வைத்தால் முட்டிவரை உள்ளே போகும். பறவைகளைப் பறக்கவைத்துப் படம் எடுக்கக் கல் எறிபவர்களைப் பார்த்தால் தயங்காமல் தடுங்கள். கோடைக்குள் உடம்பில் கொழுப்பு சேர்த்துக்கொண்டு திரும்ப வேண்டிய பறவைகள் அவை, வீணாகப் பறக்கும் ஒவ்வொரு தடவையும் அவற்றுக்கு நஷ்டம்.

ஜெட்டியிலிருந்து தலையை நிமிர்த்தினால் தெரிவது அடல் சேது. 21.8 கிலோமீட்டர் நீளம், 2024 ஜனவரியில் திறந்தது. இந்தப் பாலத்தால் செவ்ரிச் சேறு என்ன ஆகுமோ என்று பறவை ஆர்வலர்கள் பல வருஷம் கவலைப்பட்டார்கள். பூநாரைகள் இன்னும் வருகின்றன. ஆனால் இந்தக் கழிமுகத்தின் மேல் அழுத்தம் கூடிக்கொண்டேதான் போகிறது. வருபவர்கள் நிறையப் பேர் வந்து பார்த்தால்தான் இதற்குக் குரல் கொடுக்க ஆள் இருக்கும் என்பது என் கருத்து. திரும்பும் வழியில் நேரம் இருந்தால் செவ்ரிக் கோட்டையில் ஏறுங்கள். 1680-ல் ஆங்கிலேயர் கட்டிய சின்னக் கோட்டை, மேலே இருந்து சேறு முழுவதும் ஒரே பார்வையில் தெரியும்.

கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் ஐரோலி. தானே கழிமுகப் பூநாரைச் சரணாலயம் 2015-ல் அறிவிக்கப்பட்டது, 2022-ல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வனத்துறையின் கடல்வாழ் உயிரின மையம் ஐரோலியில் இருக்கிறது, அங்கிருந்து படகில் அழைத்துப்போகிறார்கள். அவர்களே ஓதம் பார்த்துத்தான் நேரம் கொடுப்பார்கள், முன்பதிவு அவசியம். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் பாம்பே நேச்சுரல் ஹிஸ்டரி சொசைட்டி நடத்தும் நடைகளில் சேர்ந்துகொள்ளலாம். 1883-ல் தொடங்கிய அமைப்பு, பறவை தெரிந்தவர்கள் கூட வருவார்கள்.

பாறைக்கரை: வற்றத்தின்போது

பூநாரைக்கு நடு ஓதம் என்றால், பாறைக்கரைக்கு முழு வற்றம். அமாவாசை, பௌர்ணமிக்கும் அடுத்த இரண்டு நாளுக்கும் காலை 6, 7 மணிவாக்கில் கடல் நன்றாக உள்வாங்கியிருக்கும். பாந்த்ரா பேண்ட்ஸ்டாண்டு பாறைகளில் அப்போது குட்டை குட்டையாகத் தண்ணீர் தேங்கி நிற்கும். குனிந்து பொறுமையாகப் பார்த்தால் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டு, கடல் சாமந்தி, பாறையோடு ஒட்டிப் பச்சைப் பாய் விரித்தமாதிரி கிடக்கும் உயிர்கள் எல்லாம் தெரியும். பாறை முனையில் ஆடாமல் நிற்கும் கரும்சாம்பல் நிறக் கொக்கு கரைக்கொக்கு. அதே இனத்தில் வெள்ளை நிறத்திலும் உண்டு, வேறு பறவை என்று நினைக்க வேண்டாம்.

பிடிமானமுள்ள ஷூ வேண்டும், ஹவாய் செருப்பு ஆகாது. பாசி வழுக்கும், உடைந்த கண்ணாடியும் கிடக்கும். இரண்டு பேராகப் போங்கள். தண்ணீர் திரும்புவது முன்னாலிருந்து மட்டும் இல்லை, தாழ்வான இடம் வழியாக உங்கள் முதுகுக்குப் பின்னாலும் புகுந்துவிடும். வற்றம் முடிகிற நேரத்துக்கு முன்பே கரைக்குத் திரும்ப ஆரம்பித்துவிடுங்கள். ஹாஜி அலி தர்காவுக்குப் போகும் நடைபாதை ஏற்றத்தின்போது தண்ணீருக்குள் போய்விடும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இந்தக் கடலின் வேகம் புரியும். மழைக்காலத்தில் பாறைப்பக்கம் போகவே வேண்டாம்.

பேண்ட்ஸ்டாண்டு முனையிலேயே பாந்த்ராக் கோட்டை இருக்கிறது, போர்த்துகீசியர் 1640-ல் கட்டியது. பத்து நிமிஷத்தில் பார்த்துவிடலாம்.

எலிஃபண்டா: படகும் குகையும்

கேட்வேயிலிருந்து படகு. காலை 9 மணிவாக்கில் தொடங்கும், போகவே ஏறத்தாழ ஒரு மணி நேரம். திங்கட்கிழமை குகை மூடியிருக்கும். பலர் இது தெரியாமல் வந்து திரும்புகிறார்கள். முதல் படகிலேயே ஏறப் பாருங்கள், பதினோரு மணிக்குமேல் குகைக்குள் நிற்க இடம் இருக்காது. 2024 டிசம்பரில் இந்த வழியில் நடந்த படகு விபத்தில் உயிர்கள் போயின. லைஃப் ஜாக்கெட் கொடுத்தால் மடியில் வைத்துக்கொள்ளாமல் போட்டுக்கொள்ளுங்கள், கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

நவம்பர் முதல் மார்ச் வரை படகோடு கூடவே கடற்காகங்கள் பறந்து வரும். கைநீட்டும் தூரம். பழுப்புத்தலைக் கடற்காகம் என்பது திபெத், லடாக் பக்கத்து மேட்டுநில ஏரிகளில் கூடுகட்டும் பறவை, குளிருக்கு இங்கே இறங்கி வருகிறது. நாம் பார்க்கும்போது தலை பழுப்பாக இருக்காது, கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்பொட்டு மட்டும் இருக்கும். இனப்பெருக்கக் காலத்தில்தான் தலை நிறம் மாறும், மார்ச்சில் போனால் சிலவற்றில் பாதி மாறியிருப்பதைப் பார்க்கலாம். படகில் சிப்ஸ் விற்பார்கள், எல்லாரும் வீசுவார்கள். தயவுசெய்து வீசாதீர்கள். உப்பும் எண்ணெயும் அவற்றுக்கு ஆகாது, பாக்கெட்டும் கடலில்தான் போய் விழும்.

தீவில் இறங்கி 120 படிக்குப் பக்கமாக ஏற வேண்டும். முட்டிவலி உள்ள பெரியவர்களுக்கு டோலி கிடைக்கும். கையில் தின்பண்டம், திறந்த பாட்டில் வைத்திருந்தால் குரங்கு பறித்துவிடும்.

குகை 6-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் கருத்து. மகேந்திரவர்மப் பல்லவன் மண்டகப்பட்டில் குடைவதற்கும் முந்தியது. வடக்கு வாசலில் நுழைந்ததும் கைடு உங்களை நேராக உள்ளே இழுப்பார். போகாதீர்கள். வாசலிலேயே இரண்டு நிமிஷம் நின்று கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள். எதிரே, தெற்குச் சுவரில், ஒரு முகம் மெல்ல மெல்லத் துலங்கி வரும். ஏறத்தாழ 6 மீட்டர் உயரம். திரிமூர்த்தி என்று பலகைகளும் கைடுகளும் சொல்வதுண்டு. அது பிரம்மா, விஷ்ணு, சிவன் இல்லை, மூன்றுமே சிவன்தான், சதாசிவன். சைவ வீட்டில் வளர்ந்தவர்களுக்கு ஐந்து முகமும் பழக்கம்: நடுவில் தற்புருடம், நமக்கு இடப்பக்கம் மீசையும் பாம்புமாக அகோரம், வலப்பக்கம் தாமரை ஏந்திய பெண்முகம் வாமதேவம். சத்தியோசாதம் பின்புறத்தில், ஈசானம் மேலே, கண்ணுக்குத் தெரியாமல். நடு முகத்தின் கீழுதட்டைப் பாருங்கள். கனத்து, லேசாக முன்வந்து, எதையோ சொல்லிவிட்டு மூடியது மாதிரி இருக்கும். அகோரத்தின் புருவம் நெரிந்திருக்கும், வாமதேவத்தின் இமை தாழ்ந்திருக்கும். ஒரே எரிமலைப் பாறையில் மூன்று மனநிலைகள்.

அப்புறம் சுற்றுங்கள். கங்காதரர், அர்த்தநாரி, திருமணக்கோலம், அந்தகனை வதைக்கும் கோலம், கயிலையைத் தூக்கும் ராவணன். வாசல் பக்கத்து நடராஜரிடம் கட்டாயம் நில்லுங்கள். சிதம்பரத்து உருவம் மனதில் இருப்பவர்களுக்கு இவர் புதிதாக இருப்பார். சோழர் செப்புத்திருமேனிகளுக்குச் சில நூற்றாண்டு மூத்தவர். கால்களும் கைகள் பலவும் உடைந்துபோன பின்னும் இடுப்பின் அந்தத் திருப்பத்தில் ஆட்டம் அப்படியே இருக்கிறது. லிங்கம் இருக்கும் கருவறைக்கு நான்கு பக்கமும் வாசல், வாசலுக்கு இரண்டு துவாரபாலகர்கள்.

போர்த்துகீசியர் எலிஃபண்டா என்று பெயர் வைத்ததற்குக் காரணம் தீவில் இருந்த கல் யானை. அந்த யானை இப்போது இங்கே இல்லை, பைகுல்லாவில் பாவ் தாஜி லாட் அருங்காட்சியக வளாகத்தில் நிற்கிறது. உள்ளூர்ப் பெயர் காராபுரி. தீவின் கிழக்கு மேட்டில் பழைய பௌத்தச் செங்கல் ஸ்தூபத்தின் எச்சமும் உண்டு. 1987 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள இடம்.

சோபாரா: சேறு மூடிய துறைமுகம்

இந்தப் பயணத்துக்குக் கூட்டமே இருக்காது. நாலாசோபாரா என்றால் மும்பைக்காரர்களுக்கு விரார் லோக்கலில் பிதுங்கி வழியும் ஸ்டேஷன், அவ்வளவுதான். அதன் மேற்கே கிடக்கும் கிராமம்தான் பழைய சூர்ப்பாரகம். கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதிய ‘பெரிப்ளூஸ்’ என்ற கடல்வழிக் குறிப்பு இந்த ஊரைச் சூப்பாரா என்கிறது, பக்கத்துக் கல்யாணையும் சொல்கிறது. அதே குறிப்பு தெற்கே இறங்கி முசிறி, தொண்டி, புகார் என்று நம் துறைமுகங்களையும் பேசுகிறது. மிளகுக்காக முசிறி போன கப்பல் உலகத்தின் ஒரு பகுதிதான் இதுவும்.

1882-ல் தொல்லியல் அறிஞர் பகவான்லால் இந்திராஜி இங்குள்ள மேட்டைத் தோண்டினார். செங்கல் ஸ்தூபத்தின் நடுவில் கல்பேழை, அதற்குள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சிமிழ்கள், பொன் பூக்கள், எட்டுச் சிறிய வெண்கலப் புத்த உருவங்கள், ஒரு சாதவாகன வெள்ளிக்காசு கிடைத்தன. அதே ஆண்டு அசோகரின் 8-ஆம் பாறைக் கல்வெட்டின் துண்டு ஒன்றும் ஊரில் கிடைத்தது. அந்தக் கல்வெட்டு சொல்வதே பயணத்தைப் பற்றித்தான்: முந்தைய அரசர்கள் வேட்டைக்கும் கேளிக்கைக்கும் யாத்திரை போனார்கள், நான் பட்டமேறிப் பத்து ஆண்டு ஆனபின் போதி மரத்தைத் தேடிப் போனேன், அன்றுமுதல் தம்ம யாத்திரை தொடங்கியது என்கிறது. 1956-ல் பக்கத்துப் பூய்காவில் 9-ஆம் கல்வெட்டின் துண்டும் கிடைத்தது. அசோகரின் கல்வெட்டுகள் வேறிடங்களில் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் என்று நம்மைப் பெயர்சொல்லி அழைப்பதை நினைத்துக்கொண்டு அங்கே நின்றால் நன்றாக இருக்கும்.

போகும் வழி: தாதரிலிருந்து விரார் லோக்கல், காலையில். காலைக் கூட்டம் சர்ச்கேட்டை நோக்கி வருவதால் எதிர்த்திசையில் உட்கார இடம் கிடைக்கும். மாலை 5-க்குமேல் அந்தப் பக்கம் போவதைத் தவிருங்கள். மேற்கு வாசலில் ஷேர் ஆட்டோக்காரரிடம் “புத்த ஸ்தூப்” என்று சொன்னால் போதும். பார்ப்பதற்குச் செங்கல் மேடும் மரங்களும்தான். பெரிய கோபுரம் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். அதனால் முதலில் கேட்வே பக்கத்து சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகத்தில் சோபாரா கல்வெட்டைப் பார்த்துவிட்டுப் பிறகு ஊருக்குப் போங்கள் என்பேன். எழுத்தைப் பார்த்த கண்ணோடு போனால் மேடு பேசும்.

துறைமுகம் எங்கே என்று தேடாதீர்கள். கழிமுகம் காலப்போக்கில் தூர்ந்து போயிற்று, கப்பல்களும் வேறு துறைகளுக்குப் போய்விட்டன. செவ்ரியில் பூநாரைக்கு உணவு தருகிற அதே வண்டல்தான் இங்கே ஒரு பெரிய துறைமுகத்தை மூடியது. ஆழமில்லாத, காற்றுக்கு அடங்கிய கழிமுகம் கப்பலுக்கும் பறவைக்கும் ஒரே காரணத்துக்காகத்தான் பிடித்திருக்கிறது. இதைப் புரிந்துகொண்டபின் மும்பைக் கரையில் பறவையையும் வரலாற்றையும் தனித்தனியாகப் பார்க்க எனக்கு முடிவதில்லை.

அரைநாள் மிச்சம் இருந்தால் ஒரு ஸ்டேஷன் திரும்பி வசாய் ரோடில் இறங்கிக் கோட்டைக்குப் போகலாம். போர்த்துகீசியரிடமிருந்து 1739-ல் சிமாஜி அப்பா தலைமையில் மராத்தியர் பிடித்த கோட்டை. பரந்த இடம், இடிந்த தேவாலயங்களுக்கு நடுவே மரங்கள், ஓரத்தில் அலையாத்திக் காடு.

வீட்டுப் பக்கத்திலேயே

ரயில் ஏறவே நேரம் இல்லாதவர்களுக்கு: சயான் ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் குன்றில் 17-ஆம் நூற்றாண்டுக் கோட்டை, மேலே இருந்து உப்பளமும் கழிமுகமும் தெரியும். தாராவிக்குள்ளேயே காலா கிலா இருக்கிறது, 1737-ல் கவர்னர் ஜான் ஹார்ன் ஆணையில் கட்டியதாகச் சுவரில் கல்வெட்டு. பக்கத்துத் தெருவில் வருஷக்கணக்காக இருப்பவர்கள்கூட உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. வால்கேஷ்வரில் பாண்கங்கா குளம், 12-ஆம் நூற்றாண்டில் ஆண்ட சிலாஹார மன்னர் காலத்தது, கடலுக்கு ஒட்டி இருந்தும் நல்ல தண்ணீர் ஊறுகிறது. செங்குத்துப் பாறை பார்க்க ஆசை என்றால் அந்தேரி மேற்கில் கில்பர்ட் ஹில். ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்துக்குத் தூண் தூணாக நிற்கும் கறுப்புப் பாறை. தக்காணத்தை உருவாக்கிய எரிமலைக் குழம்பு, ஆறரைக் கோடி வருஷத்துக்கு முன் ஆறி இறுகியது. உச்சியில் காவ்தேவி கோயில், படி ஏறிப் போகலாம்.

கூடுகட்டும் பாறைகளும் மழைக்காலப் பறவைகளும்

கடற்பறவைகள் பாறையில் கூடுகட்டுவதைப் பார்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மும்பையில் அப்படி இடம் இல்லை. இதே கரையில் வெகு தெற்கே, சிந்துதுர்க் மாவட்டத்தில், வெங்குர்லாப் பாறைகள் என்ற தீவுக்கூட்டம் இருக்கிறது. ஆலா என்ற கடற்பறவைகள் அங்கே கூடுவைக்கின்றன, குகைகளில் உழவாரக் குருவிகள் எச்சிலால் கூடு கட்டுகின்றன. அந்தக் கூடுகளைத் திருடி விற்ற கதையும் உண்டு. கூடுகட்டும் காலத்தில் அங்கே இறங்க முயல வேண்டாம், கரையிலிருந்து கலங்கரை விளக்கத்தைப் பார்த்தால் போதும்.

மும்பையில் இருப்பவர்களுக்கு வேறொரு வாய்ப்பு வருகிறது, அது ஒரு பொறுப்பும்கூட. ஜூன், ஜூலையில் தென்மேற்குக் காற்று பலமாக அடிக்கும்போது நடுக்கடலிலேயே வாழும் பறவைகள் களைத்துப்போய்க் கரையில் வந்து விழும். முகமூடி போட்டமாதிரி கறுப்பு முகமுள்ள பெரிய வெள்ளைப் பறவை ஜுஹு மணலில் உட்கார்ந்திருந்தால் அது கடல்வாத்தோ வீட்டுப் பறவையோ இல்லை, நடுக்கடலின் பூபிப் பறவை. திரும்பக் கடலில் தள்ளிவிடாதீர்கள். அது களைப்பாறத்தான் வந்திருக்கிறது. வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மீன் திணிக்காதீர்கள். அலகு கூர்மை, முகத்தைத் தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டைத் தலையோடு மேலே போட்டு மூடி, காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் மெதுவாக வையுங்கள். நாய்களும் செல்ஃபி எடுக்கும் கூட்டமும் நெருங்காமல் ஒருவர் நிற்க, இன்னொருவர் மகாராஷ்டிர வனத்துறையின் 1926 எண்ணுக்கு அழையுங்கள். இந்தியில் பேசினாலும் போதும். இடத்தின் பெயர், பக்கத்து அடையாளம், பறவையின் நிறம், அளவு, சிறகு தொங்குகிறதா என்பதைச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை பெட்டியை நிழலில், சத்தமில்லாத இடத்தில் வைத்திருங்கள், நடுநடுவே திறந்து பார்க்க வேண்டாம்.